காட்டுக் காளானை இனங்காணல்

இடியும் மழையுமாகக் கழிந்த சில நாள்களில் காட்டோரப் புற்றுகளைச் சுற்றி வெண்குடைகள் விரிகின்றன. பழந்தமிழர் 'ஆம்பி' எனவும் வழங்கிய காளான் செடியினத்தைச் சார்ந்ததன்று, பச்சையமற்ற பூஞ்சையினம். கண்ணுக்குப் புலப்படும் குடை, வித்துகளைப் பரப்புவதற்கென எழும் உறுப்பேயாகும். உயிரின் பெரும்பகுதி மெல்லிய இழைகளாக மண்ணிலும் மட்கிய மரத்திலும் பரவிக் கிடக்கிறது.

புற்றுக்காளானை நன்கறிந்தோர் அதனை மேலே கிள்ளி எடுப்பதில்லை. மண்ணை அகழ்ந்து எடுப்பர். கறையான்கள் மென்ற தாவரத் துகள்களால் புற்றினுள் தேனடை போன்ற அமைப்பை உருவாக்கி, அதில் இப்பூஞ்சையை வளர்க்கின்றன. அங்கிருந்தே காம்பு வேர்போல நீண்டு மேலெழுகிறது. அந்நீண்ட அடிப்பகுதியே இக்காளானின் சிறந்த அடையாளம். கிள்ளி எடுப்பவர் கையில் குடை இருக்கும். சான்று மண்ணுக்குள் இருக்கும்.

ஓரிடத்தில் பெற்ற அறிவு வேறோரிடத்தில் பிழையாவதும் உண்டு. ஆசிய நாடுகளில் விரும்பி உண்ணப்படும் வைக்கோல் காளான், இளமையில் முட்டை வடிவினது. முதிர்ந்தபின் காம்பின் அடியில் கிண்ணம் போன்ற உறை எஞ்சும். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட 'மரணத்தொப்பி' என்னும் நச்சுக்காளானும் அவ்வாறே தோன்றும். அது மரங்களோடு பிற நாடுகளுக்கும் பரவியது. குடியேறிய ஆசியர் அதனை வைக்கோல் காளான் எனக் கருதிச் சமைத்த நிகழ்வுகள் பல. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், 2011ஆம் ஆண்டின் இறுதி நாள் விருந்தில் மரணத்தொப்பியை உண்டவர்களுள் இருவர் உயிரிழந்தனர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வித்தின் நிறம் உதவும். முதிர்ந்த காளானின் காம்பை நீக்கி, குடையின் செவுள்கள் கீழ்நோக்கி அமையுமாறு, பாதி வெண்மையும் பாதி கருமையுமான தாளின்மீது வைத்து, குவளையால் மூடி ஓரிரவு விட வேண்டும். உதிரும் வித்துப்பொடி வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பாகவும் மரணத்தொப்பிக்கு வெண்மையாகவும் இருக்கும். பின்னதன் காம்பில் வளையம் உண்டு, முன்னதற்கு இல்லை. எனினும், நிறம் ஒன்றே போதாது. இளஞ்சிவப்பு வித்துடைய நச்சுக்காளான்களும் உள்ளன. உண்ணத்தக்க பொத்தான் காளானிலோ வளையம் உண்டு. குடை, செவுள், காம்பு, அடிப்பகுதி, வித்து, வளரும் இடம் ஆகிய அனைத்தும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பதும், புழு அரித்திருந்தால் உண்ணலாம் என்பதும் பல நாடுகளில் வழங்கும் நம்பிக்கைகள். இரண்டும் பிழை. மரணத்தொப்பியின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. நத்தைகள் அதனை உண்டும் வாழ்கின்றன. கொதிக்க வைப்பதாலும் உலர்த்துவதாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

அதனை உண்டவருக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை ஒரு நாள் அளவில் தணிவதால், நோய் நீங்கியதாக வீட்டார் எண்ணுவர். அவ்வேளையிலும் நஞ்சு கல்லீரல் செல்களில் புரத ஆக்கத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, ஐயம் எழுந்தவுடன், நலமாகத் தோன்றினாலும், சமைக்காது எஞ்சிய காளானையோ குப்பையில் இட்ட காம்புத் துண்டையோ எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.