ஓர் எழுத்தால் போன வியாபாரம்

எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர் இருக்கிறார். கணவர் காலமான பின், நாக்பூர் வெயிலை நம்பி கொத்தவரங்காய் வத்தல், மோர்மிளகாய், வடகம் போட்டு விற்றுப் பிழைக்கிறார். சென்ற ஆண்டு அவர் மகன் இவற்றை ஓர் இணையக் கடையில் பதிவு செய்தான். முதல் மாதம் விற்றது மூன்றே பொட்டலம். "நம்ம சரக்கு யாருக்கும் பிடிக்கல போலிருக்கு, அண்ணாச்சி" என்று அந்த அம்மாள் கண்கலங்கினார்.

புனேயில் இருக்கும் என் பேத்தியிடம் நாலு பொட்டலம் வாங்கச் சொன்னேன். அரை மணியில் போன் வந்தது. "தாத்தா, அந்தக் கடையில வத்தலே இல்லையே!"

சரக்கு இருந்தது; பெயர்தான் அகப்படவில்லை. ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பார்த்து, மகன் வி, ஏ, டி, எச், ஏ, எல் என்று எழுதியிருந்தான். பேத்தி எச் இல்லாமல் தேடியிருக்கிறாள். இதில் யாரைக் குறை சொல்வது? லதா, கீதா என்று ஆங்கிலத்தில் எழுத நம் ஊரில் டி-யுடன் எச் சேர்ப்போம். மராத்தி, ஹிந்திக்காரர்கள் டி மட்டும் போடுவார்கள். இங்கே படித்த நம் பிள்ளைகளுக்கும் அதுவே பழக்கம்.

ரயில்வேயில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்க பி.எல். நம்பர் உண்டு. பெயரை எப்படி எழுதினாலும் நம்பர் சரியாக இருந்தால் சாமான் வந்துவிடும். வத்தல் வாங்குகிறவர் நம்பரையா தேடுவார்?

எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறிக்கும் வழி இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் முறையை ரஷ்யக் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் 1965-இல் வெளியிட்டார். அந்தக் கணக்கில் வத்தலுக்கும் பேத்தியின் சொல்லுக்கும் தூரம் ஒன்றே ஒன்றுதான். பலர் தேடும் சொல்லென்றால் பெரிய தேடுபொறிகள் தாமே திருத்திக்கொள்ளும். வத்தல், வடகம் போன்ற அபூர்வச் சொற்களுக்கு அந்த உதவி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.

நஷ்டம் விற்பவருக்குத்தான். அமெரிக்காவின் ஈபே ஏலத் தளத்தில் லேப்டாப், கேமரா போன்ற பெயர்களைப் பிழையாக எழுதியவர்களின் பொருளுக்குப் போட்டியே இல்லாமல் போக, சிலர் அவற்றைத் தேடிப் பிடித்து அடிமாட்டு விலைக்கு வாங்கியதை 2004-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

நம் பெயர்களுக்கு எது சரியான ஆங்கில எழுத்து என்பதும் எளிதில் தீராது. தமிழக அரசே 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

ஆகவே மகனும் நானும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். எச் போட்டும் போடாமலும், 'வற்றல்' என்பதற்கு ஆர் சேர்த்தும், மராத்தியில் கொத்தவரங்காய்க்குச் சொல்லும் 'கவார்' என்ற பெயரையும், தேடல் சொற்களுக்கான கட்டத்தில் நிரப்பினோம். விலையும் சரக்கும் அதேதான். மறு மாதம் வத்தல் தீர்ந்து, அந்த அம்மாள் மறுபடி கொத்தவரங்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். புனே, போபால் என்று பல ஊர்களிலிருந்து வந்த ஆர்டர்களைப் பார்த்து, "பிடிக்காமப் போகல, அண்ணாச்சி" என்று சிரித்தார்.

நம் சங்கத்திலும் வீட்டிலிருந்தே ஊறுகாய், பொடி, முறுக்கு விற்கும் சகோதரிகள் பலர் உண்டு. விலையைக் குறைக்குமுன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் உங்கள் பொருளின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். அது எப்படி எழுதுகிறதோ, அதையும் சேர்த்துவிடுங்கள்.

என் பேத்திக்கு இப்போது 'வத்தல்' என்று தமிழிலேயே எழுதத் தெரியும். அதில் எச் பிரச்சினை இல்லை!