டாங்கியின் தலை ஏன் பறக்கிறது?

உக்ரைன் போர் வீடியோக்களில் பார்த்திருப்பீங்க: ரஷ்ய டாங்கியில் ஏவுகணை படுகிறது, கொஞ்ச நேரத்தில் பீரங்கியோடு சேர்த்து மேல் கோபுரமே வானத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. அந்த ஏவுகணைக்கு அவ்வளவு பலம் கிடையாது. வெடித்தது டாங்கிக்குள்ளேயே இருந்த குண்டுகள்.

டி-72 டாங்கியில் மூன்று பேர்தான். குண்டு நிரப்பும் நான்காவது ஆளுக்குப் பதில் ஒரு இயந்திரம். அதற்காக, கமாண்டரும் கன்னரும் உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு வட்டத் தட்டில் 22 குண்டுகளும் அவற்றைச் செலுத்தும் வெடிமருந்தும் அடுக்கியிருக்கும். மீதிக் குண்டுகள், உள்ளே கிடைத்த இடத்தில் எல்லாம். ஆள் குறைந்தால் டாங்கி சிறிதாகும், எதிரி குறிவைப்பது கஷ்டம். கணக்கு சரிதான். ஆனா கவசத்தைத் துளைத்த நெருப்பு அந்த மருந்தைத் தொட்டால், குதித்துத் தப்ப நேரமே இருக்காது.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸில் பெரும்பாலான குண்டுகள் கோபுரத்தின் பின்பக்கத் தனி அறையில், கனமான கதவுக்கு அப்பால் இருக்கும். வெடித்தால் அறையின் மேல்தகடு பிய்ந்து, நெருப்பு வெளியே போகும். கதவு மூடியிருந்தால் ஆட்கள் பிழைக்கலாம்.

இது நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை. சென்னை ஆவடியில் தயாரான டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா இரண்டிலும் இதே வட்டத் தட்டுதான். ட்ரோனைத் தடுக்க மேலே கூண்டு போடலாம். சீட்டுக்குக் கீழே இருப்பதை மாற்றணும்னா டாங்கியையே புதிதாக வடிவமைக்கணும். ஆவடியிலேயே உருவான அர்ஜுனில் நாலு பேர், குண்டு நிரப்புவது ஆள்தான். அதன் எம்கே-1ஏ ரகத்தின் எடையோ டி-72ஐ விட 20 டன்னுக்கு மேல் அதிகம்.