கிழவி வேஷத்தில் கீர்த்தி பெற்றவர்

ராஜா வேஷத்தினால் பெயர் பெற்ற நடிகர்கள் நமது நாட்டில் பலர் உண்டு. காதலன் வேஷத்தினால் பெயர் பெற்றவர்கள் அவர்களைக் காட்டிலும் அதிகம். ஆனால் நரைத்த தலையும், வளைந்த முதுகும், கையிற் கோலுமாக ஒரு கிழவியின் வேஷத்தைத் தரித்து, அக்கிழவியின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்ற ஆண்மகன் ஒருவரே. அவர்தாம் ஔவை டி. கே. சண்முகம். சென்னைக் கோபாலபுரத்தின் வழியே செல்லும் ஔவை சண்முகம் சாலையில் தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். 1996-இல் வெளியான ‘அவ்வை சண்முகி’ என்னும் படத்தைப் பார்த்துச் சிரிக்காத குடும்பமும் இராது. எனினும் அச்சாலைக்கும் அப்படத்துக்கும் பெயர் தந்தவர் யார் என்று நம் குழந்தைகளைக் கேட்டால், பெரும்பாலோர் விழிக்கவே செய்வார்கள்.

1912-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தவர் சண்முகம். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை மேடையில் ஸ்திரீபார்ட் ஏற்று நடித்தவர். எனவே பிற்காலத்தில் மகன் மூதாட்டியாக வந்து நின்றதைக் குலவித்தை என்றே சொல்ல வேண்டும். சங்கரன், முத்துசாமி என்ற இருவர் அவருக்கு மூத்த சகோதரர்கள், பகவதி இளையவர். இந்நால்வரையுமே தமிழுலகம் ‘டி. கே. எஸ். சகோதரர்கள்’ என்று கொண்டாடிற்று.

அக்காலத்து நாடக மேடையின் நிலைமையைச் சிறிது கூறினாலொழிய இவர்கள் செய்த தொண்டு விளங்காது. இரவு தொடங்கினால் விடியும் வரையில் நாடகம் நடக்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கதையை மறந்துவிட்டு ஒருவரையொருவர் பாட்டிலும் பேச்சிலும் மடக்குவார்கள். ஜனங்களும் அதையே விரும்பிக் கரகோஷம் செய்வார்கள். ‘கூத்தாடி’ என்பது ஊரில் வசைச்சொல். மேடையில் அரிச்சந்திரனைப் பார்த்துக் கண்ணீர் வடித்தவரே, மறுநாட் காலையில் அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கத் தயங்குவார்.

இந்தச் சீர்கேட்டைக் கண்டு மனம் நொந்த சங்கரதாஸ் ஸ்வாமிகள், பெரியவர்களைத் திருத்துவதை விடச் சிறுவர்களைப் பழக்குவதே மேல் என்று துணிந்து, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வருஷமே சண்முகம் அச்சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 6. பாலர் கம்பெனி என்பது ஒருவகைக் குருகுலம். பாடம், பாட்டு, வசனம், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே இடத்தில். வாத்தியார் சொன்ன வசனத்தில் ஓரெழுத்துத் தவறினாலும் தண்டனை உண்டு. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் பார்ட் போய்விடும். பல சிறுவர்களின் வாழ்வு அதனோடு இருண்டும் போயிற்று. இக்கஷ்டங்களை மறைத்துப் பழைய நாளைப் புகழ்வது நியாயமன்று. ஆயினும், வேறெந்தப் பள்ளிக்கூடமும் ஏற்காத ஏழைச் சிறுவர்களுக்குத் தமிழும் இசையும் கற்பித்த இடம் அதுவே என்பதையும் மறைக்கலாகாது. சிறுவன் சண்முகத்துக்காகவே ஸ்வாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ என்ற நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்றால், அந்த ஆசிரியருக்கு அம்மாணவனிடம் இருந்த நம்பிக்கை எத்தகையது!

ஸ்வாமிகள் 1922-இல் காலமானார். 1925-இல் சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது ஏறக்குறைய 13 வயது. கம்பெனிக்கு எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வாய்த்தார். பாட்டே நாடகம் என்றிருந்த நிலையை மாற்றி, நாவல்களை நாடகமாக்கி, மனிதர் வீட்டில் பேசுவது போல மேடையிலும் பேச வேண்டும் என்று கற்பித்தவர் அவர். ஸ்வாமிகளிடம் பெற்ற தமிழும், முதலியாரிடம் பெற்ற இயல்பான நடிப்பும் சண்முகத்தினிடம் ஒன்று கலந்தன.

இந்தக் கலைஞர்கள் தேசத்துக்குச் செய்த சேவை தனியே குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்துக்கு அடங்க மறுத்து ஸ்காட்லாந்து மக்கள் நடத்திய சுதந்திரப் போரைத் தழுவி வெ. சாமிநாத சர்மா ‘பாணபுரத்து வீரன்’ என்ற நாடகத்தை எழுதினார். வாலஸ், புரூஸ் என்ற ஸ்காட்லாந்து வீரர்கள் தமிழ்ப்பெயர் பூண்டு அதில் உலவினர். ஆனால் அதைப் படித்தவர் மனத்தில் எழுந்தது ஸ்காட்லாந்தா, பாரதமா என்பதை ஆங்கில அரசாங்கமும் அறியும், நூல் தடைக்குள்ளாயிற்று. 1931-இல் சகோதரர்கள் அதையே ‘தேசபக்தி’ என்ற புதுப்பெயரில் துணிந்து மேடையேற்றினார்கள். கம்பெனியில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் காந்தி மகானின் கதையை அதில் வில்லுப்பாட்டாகப் பாடினார். பத்திரிகை படிக்கத் தெரியாத பாமரனும் அன்றிரவு ஸ்வராஜ்யம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு வீடு திரும்பினான். கம்பெனியின் பிழைப்போ ஊர் ஊராக உத்தரவு பெற்று நாடகம் நடத்துவதில் இருந்தது. ஓர் அதிகாரி முகம் சுளித்தால் அத்தனை பேருக்கும் அடுத்த வேளைச் சோறு சந்தேகம். அதை எண்ணிப் பார்த்தால்தான் அத்துணிவின் விலை தெரியும்.

பிறகு பேசும் படம் வந்தது. மேடையில் புகழ் பெற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகையை விட்டு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். சகோதரர்களும் போனார்கள். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவலான ‘மேனகா’, ராஜா சாண்டோவின் டைரக்ஷனில் 1935-இல் படமாயிற்று. 1941-இல் ‘குமாஸ்தாவின் பெண்’ வந்தது. இவையெல்லாம் மேடையில் முன்னரே வெற்றி பெற்ற நாடகங்கள். ஆனால் மற்றவர்களுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் சினிமாவுக்குக் குடிபோனார்கள். சண்முகம் விருந்துக்குப் போனவர்போல் போய்விட்டு மேடைக்குத் திரும்பி வந்தார். பணமும் படாடோபமும் எங்கே இருந்தன என்பது அவருக்குத் தெரியாததன்று. கம்பெனியை நம்பியிருந்த நடிகர்களும் பாட்டுக்காரர்களும் சமையற்காரர்களும் எங்கே இருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

‘ஔவையார்’ நாடகம் 1940-க்குப் பின் எழுந்தது. முப்பதை ஒட்டிய வயதுடைய வாலிபர், பல்லுப்போன பாட்டியாக மணிக்கணக்கில் மேடையில் நிற்பது சுலபமா? குரல் நடுங்க வேண்டும். ஆனால் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் செய்யுள் தெளிவாகக் கேட்க வேண்டும். நடை தள்ளாட வேண்டும். ஆனால் அரசனுக்கு முன் நிற்கையில் அரசன் சிறியவனாகத் தோன்ற வேண்டும். ஆண் பெண் வேஷம் போட்டால் ஜனங்கள் சிரிப்பது வழக்கம். இந்தக் கிழவியைக் கண்டு சிரித்தவரில்லை. தங்கள் வீட்டுப் பாட்டியைக் கண்டதுபோல் கைகூப்பினார்கள். அன்று முதல் ‘ஔவை’ என்பது அவருக்குப் பட்டமாயிற்று.

1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடுவதற்கு முன்னின்றவர்களும் இச்சகோதரர்களே. நடிகனுக்கும் ஒரு மாநாடா என்று கேட்டவர்களுக்கு, அவனும் மனிதன், அவன் தொழிலும் கலை என்பதே அவர்கள் தந்த விடை.

மற்றொரு சம்பவம் தமிழர் அனைவரும் அறிய வேண்டியது. 1948-இல் சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியாரின் பாட்டொன்று இடம் பெற்றது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கியிருந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஆட்சேபித்தார். சட்டம் செட்டியார் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் மகாகவியின் வாக்கு ஒருவருடைய பெட்டியில் பூட்டிவைக்கத் தக்கதுதானா என்ற கேள்வியைச் சண்முகம் நாட்டின் முன் வைத்தார். எழுத்தாளர்களும் பொதுமக்களும் அக்கேள்வியைத் தங்களுடையதாக்கிக் கொண்டனர். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. செட்டியாரும் பணம் வாங்காமலே தம் உரிமையை விட்டுக் கொடுத்துப் பெருந்தன்மை காட்டினார். இன்று நம் குழந்தைகள் யாரையும் கேளாமல் பாரதி பாட்டைப் பாடுகிறார்களே, அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு நடிகரும் காரணம்.

எங்கள் நாகல் நகரிலிருந்து தென்மேற்கே பஸ்ஸில் போனால் வத்தலக்குண்டு வரும். அவ்வூரில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-இல் வ. உ. சி.யுடன் சிறைப்பட்டு, சிறையிலேயே குஷ்டநோய்க்கு ஆளாகி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். 1961-இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாவாகத் தோன்றியவர் சண்முகமே. அதில் அவருக்குப் பங்கு சிறிதுதான். ஆனால் அந்த ஆவேசக் குரலைக் கேட்டவர்கள், புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த சிவாவை உயிரோடு சந்தித்தார்கள். தேசபக்தி நாடகத்தில் உயிரைப் பணயம் வைத்த குரலல்லவா அது!

என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகியோர் இந்தக் கம்பெனியின் பயிர்கள். சகஸ்ரநாமம் பின்னர் ‘சேவா ஸ்டேஜ்’ கண்டு நாடகத்தை வளர்த்தார். சிறுவயதில் இங்கே பயின்ற கமல்ஹாசனே, நன்றி மறவாமல் தம் படத்துக்கு ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1971-இல் பத்மஸ்ரீயும் சண்முகத்தை வந்தடைந்தன. 1972-இல் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலாயிற்று. மறுவருஷம் பிப்ரவரி 15-ந் தேதி அவர் காலமானார்.

சினிமா நடிகனின் நிழல் படச்சுருளில் தங்குகிறது. மேடை நடிகனின் கலையோ திரை விழுந்ததும் காற்றோடு போய்விடுகிறது. கண்டவர் நெஞ்சைத் தவிர அதற்கு வேறு பெட்டகம் இல்லை. ஔவையாராக அவர் நின்ற கோலத்தைக் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் நம் வீடுகளில் இருந்தால் குழந்தைகளை அருகே உட்கார வைத்து அக்கதையைச் சொல்லச் செய்வோம். பள்ளி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் நேரத்தில் பாதியையாவது ஒரு நல்ல தமிழ் நாடகத்துக்கு ஒதுக்குவோம். கூத்தாடி என்று இகழப்பட்டவனைக் கலைஞன் என்று தலைநிமிரச் செய்த பெரியவருக்கு, சாலைப் பெயர்ப் பலகையை விட அதுவே ஏற்ற ஞாபகச் சின்னமாகும்.