சுடாத சாக்லேட் கூடு

கொக்கோ மரத்தைப் பேணி வளர்ப்போர் நம் சங்கங்களில் பலர் உளர். ஆயின் அதன் விதையாலாகிய இனிப்பைத் தம் அடுக்களையிலே செய்து தம் மக்களுக்கு அளித்தோர் மிகச் சிலரே. தென்னந்தோப்பினூடே கொக்கோ பயிரிட்ட உறுப்பினர் ஒருவரின் இல்லத்திற்குக் கடன் சரிபார்ப்பின் பொருட்டு நாம் சென்றிருந்தோம். அவ்வீட்டு அம்மையார், "இத்தனை ஆண்டுகளாக விதையை உலர்த்தி அனுப்புகிறோம்; அது பிறகு என்ன ஆகிறதென்று பேரன் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஐயா" என்றார். அவருக்கு நாம் கூறிய விடையே இக்கட்டுரை.

புளிக்கவைத்து உலர்த்திய விதையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துச் சர்க்கரை கூட்டினால் சாக்லேட் ஆகும். இங்கிலாந்தில் இளவேனிற்காலத்து ஈஸ்டர் திருநாளுக்கு இதுவே தலையாய இனிப்பு. பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1873இல் சாக்லேட் முட்டைகளைச் செய்தது. இன்று அந்நாட்டுச் சிறுவர்கள் தாமே செய்து மகிழ்வது, அம்முட்டைகளை வைக்கும் சிறு சாக்லேட் கூடுகளாகும். இவற்றைச் சுடவேண்டுவதில்லை.

செய்முறை எளிது. சாக்லேட் 200 கிராம், பொரி 80 கிராம் போதும். பன்னிரண்டு கூடுகள் கிடைக்கும். அங்கே பெட்டியில் விற்கும் அரிசிப் பொரியையோ சோளச் சீவலையோ சேர்ப்பர். நமக்கு நம் ஊர்ப் பொரியே பொருந்தும். பொரியை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து ஆறவிடுக. சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக்கிக் கிண்ணத்திலிட்டு, வெந்நீருள்ள பாத்திரத்தின்மேல், அடி நீரைத் தொடாதவாறு வைக்க. முக்காற்பங்கு உருகியவுடன் இறக்கிக் கிளறினால் எஞ்சியதும் உருகிவிடும். பொரியைக் கலந்து, காகிதக் கிண்ணங்களில் இட்டு, நடுவே விரலால் குழித்து, சர்க்கரை பூசிய சிறு மிட்டாய்கள் மூன்றை முட்டைகளாக வைக்க.

இரண்டு பகைகளை அஞ்சுதல் வேண்டும். ஒன்று நீர், சில துளிகள் விழுந்தாலும் சாக்லேட் இறுகித் திரிந்துவிடும். ஆகவே கரண்டியும் கிண்ணமும் ஈரமின்றி இருத்தல் வேண்டும். மற்றொன்று மிகுவெப்பம், நேர்நெருப்பில் வைத்தால் கருகும்.

ஈஸ்டர் மார்ச்சு 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே வரும். அப்போது இங்கிலாந்தில் குளிர்ந்த அறையிலேயே கூடுகள் இறுகும். கொக்கோ வெண்ணெய் உருகுவதோ சுமார் 34 பாகையில். நம் ஏப்ரல் வெயில் அதனை மிஞ்சுவதால், குளிர்பெட்டியில் மூடி வைத்து, உண்ணும்போது எடுத்தலே தகும்.

வாங்கும்போது உறையைப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பிட்ட கட்டிகளும் விற்பனையாகின்றன. விலை மலிவுதான், வெயிலையும் சற்றுத் தாங்கும். ஆனால் உழவர் விதையின் கொழுப்புக்கு அதில் இடமில்லை. கர்நாடக, கேரளப் பயிராளர்கள் 1973இல் மங்களூரில் அமைத்த காம்ப்கோ கூட்டுறவு, 1986இல் புத்தூரில் தனக்கெனச் சாக்லேட் ஆலையையே நிறுவியது. விதை விற்பவராக மட்டும் நில்லாமல் இனிப்பின் உடைமையாளராகவும் உழவர் ஆகலாமென்பதற்கு அது சான்று.

அடுத்த திருநாளுக்கு அம்மையார் பேரனுடன் அமர்ந்து கூடு செய்வாராக. மரம் தோப்பில் நிற்கிறது. அதன் சுவையும் அவ்வீட்டிற்கு உரியதே.