தாய் வீடு விமானம் ஏறுகிறது

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். திண்டுக்கல்லானாலும் நிலக்கோட்டையானாலும், வத்தலக்குண்டானாலும் ஒட்டன்சத்திரமானாலும், பெண்ணுக்கு ஏழாவது மாதம் பிறந்துவிட்டால் போதும். பிறந்த வீட்டில் பரபரப்பு ஆரம்பமாகிவிடும். கண்ணாடி வளையலுக்கு அளவு பார்ப்பதென்ன, கலவைச் சாதத்துக்குப் புளி கரைப்பதென்ன, சின்னாளபட்டிச் சேலை எடுப்பதென்ன! வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் மாப்பிள்ளை இரண்டொரு தடவை வருவார். கூடத்தில் விருந்தாளி போல உட்காருவார். குழந்தையைத் தூக்கப் பயந்து, எட்டிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் துபாயிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ குடித்தனம் நடத்தினால் இந்தச் சட்டம் என்ன ஆகிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடல் கடந்த பிழைப்பு நமக்குப் புதிதல்ல. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களைச் சுமந்து சென்ற ‘ரஜூலா’ கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அந்த நாளில் பலர் மனைவியை ஊரில் விட்டுவிட்டே போனார்கள். பிள்ளை பிறந்த சேதி தபாலில் போயிற்று. பிள்ளைக்குப் பல் முளைத்து, நடை பழகிய பிறகு தகப்பன் வந்து பார்த்தான். இன்றோ திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். தூரம் குறைந்துவிட்டது. ஆனால் சங்கடம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாகல் நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஐந்து மாதம், துபாயில் இருக்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைபேசியில் முகம் பார்த்துப் பேச்சு நடக்கிறது.

“எப்பம்மா வர்றே? அப்பா டாக்டரம்மாகிட்டே சொல்லி வச்சிட்டாரு.”

“லீவு கேக்கணும்மா. அவருக்கும் இங்கே தனியா...”

“அவரு ஆம்பிளை, சமாளிச்சுக்குவாரு. நீ வந்து சேரு கண்ணு.”

இப்போது மாப்பிள்ளையின் குரல்: “இல்லீங்க அத்தை. குழந்தை பிறக்கறப்போ நானும் பக்கத்திலே இருக்கணும்னு நினைக்கிறேன்.”

நாகல் நகரில் சிறிது நேரம் சத்தமே இல்லை. மாமனாரோ, மாமனாரின் தகப்பனாரோ அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக அந்த அம்மாளுக்கு ஞாபகமில்லை!

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் என்றுதான் சொல்வேன். தாய் வீடு என்பது ஓட்டு வீடும் முற்றமும் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுந்து வர ஒரு ஆள். பெற்றவள் நாற்பது நாள் படுத்து எழுந்திருக்கலாம் என்ற உரிமை. அந்த இரண்டும் கிடைக்கிற இடம் எதுவோ அதுதான் தாய் வீடு. உலக சுகாதார நிறுவனமும் பேறுகாலத்தின் பின்பகுதியை 42 நாள் என்றே கணக்கிடுகிறது. நம் பாட்டிமார் இரண்டு நாள்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்!

ஊருக்கு வருவதானால்

வருவது என்று முடிவு செய்தால் தள்ளிப்போடக் கூடாது. பொதுவாக, 28 வாரம் கடந்த கர்ப்பிணியிடம் விமானக் கம்பெனிகள் டாக்டர் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்கு மேல் ஏற்றிக்கொள்ளவே மாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே கதவு மூடிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுவதால் டிக்கெட் வாங்குமுன் கேட்டுவிடுவது உத்தமம். நீண்ட நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கர்ப்பிணியின் கால் நரம்பில் ரத்தம் உறைய இடமுண்டு. மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓரத்து ஆசனமாகக் கேட்டு வாங்குங்கள்.

இறங்கியதும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுக்கிறார்கள். ‘பிக்மி’ எண் என்று நர்சம்மாக்கள் சொல்வது இதைத்தான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து எட்டாம் மாதம் வந்து இறங்குகிற பெண்ணுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கிராமமானால் சுகாதாரச் செவிலியரிடமும், நகரமானால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உடனே பதிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள் அத்தனையும் கைப்பையில் வரட்டும், பெட்டியில் வேண்டாம். ஒன்றே ஒன்று, அந்தக் காகிதத்தில் ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கக்கூடும். அங்கே அதைக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். நம் டாக்டரிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பிரசவம் பார்ப்பதில் திண்டுக்கல் சீமைக்கு ஒரு கீர்த்தி உண்டு. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனையை அறியாதவர் இந்தப் பக்கத்தில் யார்? 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பெண். இளவயதில் விதவையாகி, டில்லி சென்று வைத்தியம் படித்தவர். சென்னையில் பெரிய டாக்டராக அமர்ந்திருக்கலாம். அவரோ கிராமத்துத் தாய்மாரைத் தேடி வந்தார். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் தொடங்கிய சுகாதாரத் திட்டம் வெளிநாட்டு நிபுணர்களெல்லாம் வந்து பார்க்கும்படி ஆயிற்று. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறந்துவிட்டார்கள். ஆகவே ‘நம்ம ஊரில் வசதியில்லை’ என்று மாப்பிள்ளை சொன்னால் அது செல்லாது.

ஆனால் திரும்பிப் போகிற காரியம் இருக்கிறதே, அதுதான் பெரும் பாடு. இங்கே பிறந்த சிசுவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அவருடைய உறுதிமொழி வேண்டும். பிறகு விசா. ஐக்கிய அரபு நாட்டில் குடும்பத்தை வைத்துக்கொள்ளவே மாதம் 4,000 திர்ஹாம் சம்பளமாவது வேண்டும்; வீடு கொடுத்தால் 3,000. இதற்கும் கீழே வாங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு மனைவியோடு குடித்தனம் என்பதே கனவு. அவர்கள் வீட்டில் ‘ரஜூலா’ காலம் இன்னும் முடியவில்லை.

அங்கேயே இருப்பதானால்

இனி இரண்டாவது வழி. பெண் வராமல் தாயார் போவது.

முதலில் காகிதங்கள். ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டிக்கொண்டு பறந்த தம்பதிகள் பலர் சார்பதிவாளர் அலுவலகத்துப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கலியாணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வளைகுடா நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரவும், குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கவும் அந்தப் பதிவுப் பத்திரத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. அதுவும் சர்க்கார் முத்திரைகள் விழுந்த பத்திரமாக. வலி எடுத்த பிறகு அப்பா மூச்சிரைக்கப் பத்திரத்தைத் தேடி ஓட வேண்டாம். அடுத்தது இன்ஷூரன்ஸ். கம்பெனி கொடுத்த அட்டையில் பிரசவச் செலவு சேர்ந்ததா, எவ்வளவு வரை என்பதை எழுத்தில் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் கவலை வேறு விதம். விசா வாங்கும்போதே ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுன் சுகாதாரக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காசு இல்லை.

அங்கே நம் பெண்ணுக்கு முதல் அதிர்ச்சி, டாக்டரைக் காணவே முடியாதது! எல்லாம் மருத்துவச்சிதான். சிக்கல் வந்தால் மட்டுமே டாக்டர் வருவார். ‘இதென்ன, டாக்டரே இல்லாத வைத்தியம்?’ என்று திண்டுக்கல்லில் தாயார் கலங்குவாள். கலங்க வேண்டாம். அந்த மருத்துவச்சிகள் இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியவர்கள். இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் பார்ப்பார்கள். நம் தேசத்துப் பெண்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை அதிகம் வருவதால், இந்தியப் பூர்வீகம் என்பதே அந்தச் சோதனைக்குப் போதுமான காரணம். வெயிலே காணாத ஊரில் வைட்டமின் டி மாத்திரை தினம் 10 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்வார்கள். வெயிலுக்குப் பயந்து குடை பிடித்த திண்டுக்கல் பெண், வெயிலை மாத்திரையாக விழுங்குகிறாள்!

இரண்டாவது அதிர்ச்சி, அனுப்பிவிடும் வேகம். சுகப்பிரசவமானால் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பிறகு மருத்துவச்சி வீடு தேடி வருவார் என்றாலும், ராத்திரிக்கு அவர் இருக்க மாட்டார். லீவு விஷயமும் இதில் கலந்திருக்கிறது. நம் நாட்டில் 2017 முதல் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள லீவு உண்டு. ஐக்கிய அரபு நாட்டுத் தனியார் கம்பெனியில் தாய்க்கு 60 நாள். அதிலும் 45 நாளுக்குத்தான் முழுச் சம்பளம். தகப்பனுக்கு ஐந்தே நாள்! ஆறாம் நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் வேலைக்குப் போன பிறகு, பத்தாவது மாடியில் பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண் தனி. தாயார் வரவேண்டியது அந்த ஆறாம் நாளுக்காகத்தான். பிரசவத்தன்று பக்கத்தில் நிற்கப் புருஷன் இருக்கிறான். ஆகவே தாயாரின் டிக்கெட்டைப் பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போட்டு விசா நாளை வீணாக்காமல், பிறகு அதிக நாள் இருக்கும்படி திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

இனித் தாயாரின் பெட்டி. பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, நல்லெண்ணெய், வசம்பு, பழைய வேட்டி கிழித்த மெத்தென்ற துணி. இத்தனையும் சரி. கசகசா மட்டும் கூடவே கூடாது! நம் ஊரில் குருமாவுக்கு அரைக்கிற சாதாரணச் சாமான் அது. ஐக்கிய அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் அது அபினிச் செடியின் விதை என்று தடை செய்யப்பட்டது. அரைத்த மசாலாப் பொடியிலும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பேரனைப் பார்க்கப் போன பாட்டி சுங்கச் சாவடியில் நிற்க வேண்டாம். இங்கிலாந்துக்கு என்றால் நெய்யும் பால்கோவாவும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதியில்லை.

பாட்டியின் பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா இல்லை என்று விதி போட்டது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தியது.

போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சின்ன யுத்தம் காத்திருக்கிறது. குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர் சேனை வைக்கப் பாட்டியின் கை துடிக்கும். உரைமருந்து கொடுக்கவும் ஆசை வரும். மருத்துவச்சி ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்பாள். இந்த விஷயத்தில் நான் மருத்துவச்சியின் கட்சி. நம் ஊர் டாக்டரம்மாக்களும் அதையேதான் சொல்கிறார்கள். லேகியம் சாப்பிட ஆரம்பிக்குமுன் மகள் விழுங்கும் மாத்திரைகளோடு சேருமா என்று கேட்டுக்கொள்ளட்டும். எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் துணி நனைத்து ஒத்தி, நேரத்துக்குச் சூடாகச் சோறு போடுகிற கலையில் மட்டும் பாட்டியை வெல்ல அந்நாட்டில் ஆளில்லை.

அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்ற நாலைந்து நாளில் காரணமின்றி அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு, வைத்தியம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் அதைக் கேட்கிறார்கள். ‘நல்லா இருக்கேன்’ என்று பத்துக்கும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. கைபேசியில் தெரிகிற சிரித்த முகத்தைத் தாயாரும் நம்பிவிடக் கூடாது.

கடைசியாகக் குழந்தையின் பெயர். அங்கே பிறந்ததாலேயே அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிடுவதில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கிடையாது. இங்கிலாந்திலும் 1983 முதல், பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தரமாகக் குடியேறியவராகவோ இருந்தால்தான். ஆகவே ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்கு முன்பே உள்ளூர்ப் பதிவு. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 42 நாள் கெடு. ஜோசியர் எழுத்துச் சொல்லி, இரண்டு பக்கத்துத் தாத்தாமாரும் சம்மதித்து, கைபேசியிலேயே பேர் சூட்டுவதற்குள் கெடு நெருங்கிவிடும். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வேறு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் தன் பெயரை எழுதுகிறான். அதற்கும் கீழே கையொப்பம். பிறந்து ஒரு மாதமான ஆசாமியின் கட்டைவிரலை மையில் தொட்டு வைக்க, மாப்பிள்ளை குழந்தையைப் பிடித்துக்கொள்ள, நாகல் நகர் அத்தை அந்தப் பிஞ்சு விரலை மெல்லப் பிரிக்கிறாள்.