கறுப்பு வெள்ளைப் பம்பரத்தில் சிவப்பு எங்கிருந்து வந்தது?

பம்பரத்தின் முகத்தில் இருப்பது கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. பாதி வட்டம் முழுக் கறுப்பு. மீதிப் பாதியில், மும்மூன்று கோடுகள் கொண்ட நான்கு தொகுதி கறுப்பு வில்கள். ஒவ்வொன்றும் 45 பாகை நீளம். நொடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று வேகத்தில் சுழற்றினால் வில்கள் வளையங்களாகின்றன. ஓர் ஓரத்து வளையம் மங்கிய சிவப்பு, மறு ஓரத்தில் நீலம், நடுவே பழுப்பும் பச்சையும்! எதிர்த்திசையில் சுற்றினால் சிவப்பும் நீலமும் இடம் மாறிக்கொள்கின்றன.

இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரத்துக்காரரான சார்லஸ் பென்ஹாம் உருவாக்கிய விளையாட்டுப் பொருள் இது. 1894இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றிய செய்தி வந்தது. லண்டனின் நியூட்டன் நிறுவனம் ‘செயற்கை நிறமாலைப் பம்பரம்’ என்று பெயரிட்டு விற்றது. ஆனால் ஜெர்மானிய இயற்பியலர் குஸ்தாவ் ஃபெக்னர் 1838இலேயே சுழலும் தட்டுகளில் இத்தகைய நிறங்களைக் கண்டு எழுதிவிட்டார். வண்ணக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துப் பார்வையைக் கெடுத்துக்கொண்டு, பேராசிரியர் பதவியையே விட நேர்ந்த அதே ஃபெக்னர்தான்.

வெள்ளொளி பிரிவதால்தான் நிறம் வருகிறதோ என்று சந்தேகம் எழலாம். சோடியம் விளக்கின் ஒற்றை மஞ்சள் ஒளியில் சுழற்றினாலும் நிறங்கள் தெரிகின்றன. சுழலும்போது நீண்ட நேரம் திறந்துவைத்த கேமராவிலோ வெறும் சாம்பல் வளையங்கள்தான் பதிகின்றன. ஆக, நிறம் தட்டில் இல்லை, பார்ப்பவரிடம்தான் உண்டாகிறது.

நான்கு தொகுதிகளுக்கும் உள்ள வித்தியாசம் நேரம் மட்டுமே. கறுப்புப் பாதி கடந்து எவ்வளவு நேரத்தில் வில் வருகிறது என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். விழித்திரையின் மூவகைக் கூம்பு செல்கள் ஒளிக்கு வெவ்வேறு வேகத்தில் எதிர்வினை காட்டுவதே காரணம் என்பது பழைய விளக்கம். அது மட்டும் போதாது; கோட்டைச் சுற்றிலும் ஒளி மினுக்க வேண்டும். அக்கம்பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் அனுப்பும் சமிக்ஞையை மூளை நிறமாக எடுத்துக்கொள்கிறது என்பதே இன்று வலுவான கருத்து. எல்லாரும் ஏற்ற முடிவு இன்னும் வரவில்லை. ஒரே தட்டில் இருவர் வெவ்வேறு நிறம் சொல்வதும் உண்டு.

1960களில் அமெரிக்காவின் ஜேம்ஸ் பட்டர்ஃபீல்டு இந்த உத்தியால் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலேயே வண்ணம் காட்டினார். ஒரு குளிர்பான விளம்பரமும் அப்படி ஒளிபரப்பானது. நிறம் மங்கல், படம் கண்ணைக் கூசவைக்கும் மினுக்கல். அது நிலைக்காததில் வியப்பில்லை.

வீட்டில் செய்துபார்க்க அட்டையும் கறுப்பு மையும் தீக்குச்சியும் போதும். மினுக்கும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.