கோல் காப்பவருக்கேற்ற சக்கரக் காலணி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பனித்தள ஹாக்கி வீரர்கள் கோடையிலும் பயிலும்பொருட்டு, சக்கரங்களை ஒரே வரிசையில் கோத்த காலணி 1980-ஆம் ஆண்டளவில் செம்மைப்படுத்தப்பெற்றது. இதனை அணிந்து ஆடுவதே இன்லைன் ஹாக்கி. இவ்வாட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வகைக் காலணி பொருந்தாது.

முன்னோக்கி விரையும் ஆட்டக்காரருக்கு 72 முதல் 80 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சக்கரங்கள் உதவும். கோல் காப்பவரோ தாழ்ந்து நின்று, பக்கவாட்டில் நகர்பவர். ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் சக்கரங்கள் அவர் பாதத்தைத் தரைக்கு அருகில் இருத்தி, நிலையை உறுதிப்படுத்துகின்றன.

அடுத்து நோக்கவேண்டியது கடினத்தன்மை. பாலியூரித்தேன் சக்கரத்தின் கடினத்தை ஷோர் 'ஏ' அளவையால் குறிப்பர். எண் உயர உயரக் கடினமும் மிகும். வழுவழுப்பான உள்ளரங்கத் தளத்தில் 72 முதல் 78 வரையுள்ள மென்சக்கரங்கள் நல்ல பிடிப்பைத் தரும். அவை சொரசொரப்பான தார்த்தளத்தில் விரைவில் தேய்ந்துவிடும். அங்கு 80-க்கு மேற்பட்டவையே ஏற்றவை. உடல் எடை மிக்கவருக்குச் சற்றுக் கடினமானவை தேவை.

ஆசிரியர் இதனை எளிதில் சோதித்தறியலாம். காப்பவரை முழுக் கவசத்துடன் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்திற்கு நகரச் செய்க. உந்தும் கால் வழுக்கினால் சக்கரம் மிகக் கடினமானது. சறுக்கவேண்டிய கால் தரையைப் பற்றி முழங்காலைத் திருகினால் மிக மென்மையானது.

உள்விளிம்பு தேய்ந்த சக்கரங்களைத் திருப்பி மாட்டுதல் நன்று. பிறர் கழித்த காலணியைக் காப்பவருக்கு அளிப்பது சிக்கனமன்று. அதன் விலையை மாணவனின் முழங்காலே செலுத்த நேரும்.